எலி மருந்தின் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது என்று பதறியடித்துக்கொண்டு வருபவர்களிடம் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" என்பதைத்தான். "எலி மருந்துதான் டாக்டர்" என்று பதில் வரும். "பொடியா, பேஸ்டா, கேக்கா?" என்று அவர் மறுபடி கேட்பார். "பச்சையா இருந்துச்சுன்னு நினைக்கிறேன். மாமியார்தான் வாங்கி வச்சாங்க, அட்டையைக் குப்பையில போட்டுட்டோம்." அதற்கு மேல் மருத்துவர் ஊகத்தில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் எலி மருந்து என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நஞ்சுகள் புழங்குகின்றன. ஒன்று வயிற்றுக்குள் போனதும் விஷவாயுவாக மாறி, சில மணி நேரத்தில் கதையை முடித்துவிடும். இன்னொன்று முதல் நாள் வாந்தியைக் கொடுத்து, அடுத்த நாள் குணமானதுபோல் போக்குக் காட்டி, பிறகு ஈரலைப் பிடிக்கும். மூன்றாவது, மூன்று நாள்வரை எதுவுமே செய்யாது. இவற்றில் முறிமருந்து இருப்பது மூன்றாவதற்கு மட்டும்தான். எதைத் தின்றது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தெரியும். அதனால் செல்லப் பிராணி உள்ள வீட்டில் எலி மருந்து வாங்கினால், வைப்பதற்கு முன்னால் அட்டையின் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் முக்கியமில்லை. சின்ன எழுத்தில் நச்சுப்பொருளின் பெயரும் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும், அதுதான் தேவை. பூச்சிக்கொல்லி அட்டைகளில் ஒரு சாய்சதுரமும் அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறமும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். அந்த நிறம் எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லுமே தவிர, எந்த வகை நஞ்சு என்பதைச் சொல்லாது. பேருந்து நிலையத்தில் கூவி விற்கிறவரிடம் வாங்கும் பொட்டலத்தில் இவை எதுவுமே இருக்காது. நாய், பூனை, கோழி வளர்ப்பவர்கள் அந்தப் பொட்டலத்தை வாங்கவே கூடாது என்பேன்.

முதலில் பொடி. கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் இந்தப் பொடி பெரும்பாலும் ஜிங்க் பாஸ்பைடு. வயல் எலிக்காக விற்கப்படுவதில் 80 சதவீதம் நச்சு. விவசாயிக்குச் சொல்லப்படும் முறையே வேறு. இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத தீனியை வைத்து எலியைப் பழக்கிவிட்டு, பிறகு பொரியோ நொறுக்கிய தானியமோ எடுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஏறக்குறைய 2 சதவீதம் மட்டும் இந்தப் பொடியைக் கலந்து வளையில் வைக்க வேண்டும். வீட்டில் நடப்பது என்ன? ஒரு கருவாட்டுத் துண்டையோ பாதி வடையையோ எடுத்து அதன்மேல் பொடியை அப்படியே தூவிவிடுகிறோம். வயலில் வைப்பதைவிடப் பல மடங்கு வீரியம் அடுக்களையில்! அதுவும் நாய்க்கும் பூனைக்கும் கருவாடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பொடி வயிற்று அமிலத்தைத் தொட்டதும் பாஸ்பைன் என்ற வாயு கிளம்புகிறது. எலிக்கு வாந்தி எடுக்கும் உடலமைப்பு கிடையாது, தின்றது உள்ளேயேதான் தங்கும். நாயும் பூனையும் வாந்தி எடுத்துவிடும் என்பதால் சில சமயம் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் நேரம் குறைவு. கால் மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வாந்தியில் ரத்தம், வயிற்று வலி, மூச்சுத் திணறல், நடுக்கம், வலிப்பு என்று வரிசையாக வந்துவிடும். வாயிலும் வாந்தியிலும் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

அந்த வாடை நமக்கும் ஆகாது. நாய் வாந்தி எடுக்கும்போது வெளியே வரும் வாயுவைப் பக்கத்தில் இருப்பவர்களும் சுவாசிக்கிறார்கள். எனவே குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தியைக் கழுவிக்கொண்டிருக்காதீர்கள். காரில் கொண்டுபோனால் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். மருத்துவமனைக்குள் நுழையும்போதே "ஜிங்க் பாஸ்பைடா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டால் அவர்களும் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முக்கியமான இன்னொன்று: இந்த நஞ்சைத் தின்ற பிராணிக்குச் சோறு, பால், ரொட்டி எதையும் ஊட்டக் கூடாது. சாப்பாடு போனால் வயிற்றில் அமிலம் சுரக்கும், அமிலம் கூடினால் வாயுவும் கூடும். "பாவம், வெறும் வயித்துல இருக்கு" என்ற இரக்கம் இங்கே ஆபத்து.

கோழியும் புறாவும் வளர்க்கும் வீடுகளில் தானியத்தில் கலந்த மருந்துக்கு இடமே கிடையாது. நெல்லோ சோளமோ கண்ணில் பட்டால் கோழி கொத்தாமல் போகாது, அதற்குக் கொஞ்சம் போதும். நெல் மூட்டையில் வண்டுக்காக வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் இதே வாயுவைத்தான் வெளியிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரம் பட்டாலே வேலையை ஆரம்பித்துவிடும். குடியிருக்கும் வீட்டை ஒட்டிய எலி வளையில் அதைப் போட்டு மண்ணால் மூடுகிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வளை எந்த அறையின் தரைக்கடியில் போய் முடிகிறது என்று யாருக்குத் தெரியும்?

பேஸ்ட் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பற்பசை மாதிரி ட்யூபில் வந்த அந்த மருந்தில் 3 சதவீதம் மஞ்சள் பாஸ்பரஸ். மனிதர்கள் பலர் இதற்குப் பலியான பிறகு தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனாலும் பழைய ட்யூப் பரணிலோ பெட்டிக்கடையின் மூலையிலோ கிடக்கக்கூடும். இதைத் தின்ற பிராணி முதலில் வாந்தி எடுக்கும், அடுத்த நாள் கொஞ்சம் தெளிந்ததுபோல் நடமாடும், அதற்கடுத்த நாட்களில் ஈரல் செயலிழந்து கண்ணும் ஈறும் மஞ்சளாகிவிடும். முறிமருந்து இல்லை. பாஸ்பரஸ் கொழுப்பில் கரையும் பொருள். எனவே விஷத்தை முறிக்கும் என்று நம்பி நாம் புகட்டும் பாலும் நெய்யும் நல்லெண்ணெயும் அதை உடம்புக்குள் சீக்கிரம் சேர்த்துவிடும்.

இனி கேக். இன்று வீடுகளில் அதிகம் வைக்கப்படுவது இதுதான். நாய்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் இதில்தான். பச்சை, நீலம், சிவப்பு என்று சாயமேற்றிய வில்லைகளாக, மெழுகுக் கட்டிகளாக வரும். உள்ளே புரோமாடியோலோன் 0.005 சதவீதம் இருக்கும், அதாவது ஒரு கிலோ மருந்தில் 50 மில்லிகிராம். மீதியெல்லாம் தானிய மாவு, கொழுப்பு, இனிப்பு. சில கம்பெனிகள் குழந்தைகள் துப்பிவிட வேண்டும் என்று கசப்புப் பொருள் சேர்க்கின்றன. கிடைத்ததை மெல்லாமல் விழுங்கும் லேப்ரடாரிடம் அந்தக் கசப்பு எடுபடாது.

இந்த நஞ்சு பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் அது வேலை செய்யும் விதமும் புரிந்துவிடும். 1933 பிப்ரவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி பனிப்புயலுக்கு நடுவே சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு செத்த கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கொஞ்சம் பூசணம் பிடித்த தீவனம். அந்தக் காலத்தில் அங்கே மாடுகள் சின்னக் காயம் பட்டால்கூட ரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. சுவீட் குளோவர் என்ற தீவனப் பயிர் கெட்டுப்போனால் அப்படி ஆகிறது என்பது தெரிந்திருந்தது. அதிலுள்ள எந்தப் பொருள் என்பதுதான் தெரியவில்லை. கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் ஆறு ஆண்டுகள் போராடி, 1939-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதுவே மனிதர்களுக்கு ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் மாத்திரையாகவும் ஆகிவிட்டது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் இதைக் கொடுத்தார்கள்.

எலிகள் சும்மா இருக்கவில்லை. 1950-களின் இறுதியிலேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. அவற்றுக்காக 1970-களில் வந்த வீரியமான இரண்டாம் தலைமுறைதான் புரோமாடியோலோனும் புரோடிஃபாகமும். பழைய மருந்தை எலி பல நாள் திரும்பத் திரும்பத் தின்ன வேண்டும். புதியதை ஒரே வேளை தின்றால் போதும். உடம்பிலும் அது சுலபத்தில் கரையாது, ஈரலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து கூடியது இதனால்தான்.

காயம் பட்டால் ரத்தம் உறைவதற்குச் சில புரதங்கள் வேண்டும். அவற்றில் நான்கை ஈரல் தயாரிக்க வைட்டமின் கே தேவை. உடம்பு இந்த வைட்டமினை ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிவதில்லை, புதுப்பித்து மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பிக்கும் வேலையைத்தான் இந்த நஞ்சு தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே தயாரான புரதங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கையிருப்பு தீரும்வரை நாய் வாலை ஆட்டிக்கொண்டு, வயிறு நிறையத் தின்றுகொண்டு, பந்தைத் துரத்திக்கொண்டு இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள் வரை இந்த நிலை நீடிக்கலாம். தின்றதும் வயிற்றைப் பிரட்டும் எதையும் எலி மறுபடி தொடாது, அவ்வளவு உஷார். இந்தத் தாமதம் எலியின் சந்தேகத்தைத் தூங்க வைக்கிறது. நம்முடைய சந்தேகத்தையும் அதே தாமதம்தான் தூங்க வைக்கிறது. "நேத்தே தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடுவது இதனால்தான்.

கையிருப்பு தீர்ந்ததும் ரத்தம் எங்கு வேண்டுமானாலும் கசியும். மூக்கில் வழிந்தால், சிறுநீர் சிவந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். ஆனால் அதிகமாக நடப்பது நெஞ்சுக்கூட்டுக்குள் கசிவது. நாய் இருமும், படுக்கப் பிடிக்காமல் உட்கார்ந்தே இருக்கும், மூச்சு வாங்கும். சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்போம். மூட்டுக்குள் கசிந்தால் நொண்டும், சுளுக்கு என்று தைலம் தேய்ப்போம். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகும்.

சந்தேகம் வந்தால் ஈறைப் பாருங்கள். மேலுதட்டை விரலால் தூக்கினால், கோரைப்பல்லுக்கு மேலே ஈறு ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். விரல் நுனியால் அதை அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு முழுவதுமே காகிதம்போல் வெளுத்திருந்தாலோ, அங்கங்கே சிவப்புப் புள்ளிகளோ கன்றிய திட்டுகளோ தெரிந்தாலோ அது நாளைக்குப் பார்க்கிற சமாச்சாரமில்லை. சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்பக்கத்தைப் பார்க்கலாம். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால்தான் பிறகு வித்தியாசம் தெரியும்.

இந்த ஒரு வகைக்கு வைத்தியம் தெளிவாக இருக்கிறது. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். தேவைப்பட்டால் கரித்தூள் மருந்து புகட்டுவார். அத்தோடு முடிந்ததா என்று அறிய 48 முதல் 72 மணி நேரம் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சோதனை உங்களுக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். ஐஎன்ஆர் என்று அவர்கள் அடிக்கடி எடுப்பதும் இதையேதான், அவர்கள் சாப்பிடுவதும் இந்த நஞ்சின் ஒன்றுவிட்ட சொந்தத்தைத்தான். உறையும் நேரம் நீண்டிருந்தால் வைட்டமின் கே1 ஆரம்பிப்பார்கள். கே1 என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் வைட்டமின் கே என்று பொதுவாகக் கேட்டால் கே3 கிடைக்கக்கூடும், அது இந்த நஞ்சுக்கு எடுபடாது. மாத்திரையாகத் தருவதென்றால் கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு தர வேண்டும், அப்போதுதான் நன்றாக உடம்பில் சேரும். பாஸ்பரஸ் பேஸ்டுக்கு எந்தக் கொழுப்பு ஆகாதோ, அதுவே இங்கே மருந்துக்குத் துணை. அட்டை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

நிறையப் பேர் தவறவிடும் இடம் இதற்கப்புறம்தான் வருகிறது. ஒரு வாரத்தில் நாய் துள்ள ஆரம்பித்துவிடும், மாத்திரையை நிறுத்திவிடுவோம். ஈரலில் பதுங்கியிருக்கும் நஞ்சு அடுத்த வாரம் மறுபடி வேலையைக் காட்டும். இரண்டாம் தலைமுறை மருந்துக்கு மூன்று நான்கு வாரம் மாத்திரை தொடர வேண்டும். கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பரிசோதித்து, உறையும் நேரம் சரியாக இருந்தால்தான் கணக்கு முடிந்தது. அதுவரை ஓட்டம், குதியாட்டம், மற்ற நாய்களோடு சண்டை எதுவும் வேண்டாம்.

பூனை வளர்ப்பவர்கள் "எங்க பூனை கேக்கைத் தொடாது" என்பார்கள். உண்மைதான், பூனைக்கு மாவுக்கட்டியில் பெரிய நாட்டமில்லை. ஆனால் கேக்கைத் தின்ற எலி உடனே சாவதில்லை. நாலைந்து நாள் உயிரோடு திரிந்து, தினமும் இன்னும் கொஞ்சம் தின்று, ஈரலில் நஞ்சைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கடைசி நாட்களில் அதற்கு வேகம் குறைந்து, பட்டப்பகலில் முற்றத்தில் தடுமாறும். பூனைக்கு அதைவிடச் சுலபமான வேட்டை உண்டா? நாயைவிடப் பூனை இந்த நஞ்சைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், எலி பிடித்தே வளர்கிற பூனைக்கு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆந்தைக்கும் சாரைப்பாம்புக்கும் இதே கதிதான். எலிகளைத் தின்று நமக்கு உதவுகிறவர்களை நாமே ஒழித்துவிட்டு, அடுத்த மாதம் கூடுதலாக ஒரு பெட்டி கேக் வாங்குகிறோம்.

இனி, தின்றுவிட்டது தெரிந்ததும் என்ன செய்வது. வாயில் மிச்சம் இருந்தால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுத்துவிடுங்கள். மற்ற பிராணிகளை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். அட்டை, மீந்த மருந்து, வாந்தி எடுத்திருந்தால் அதில் கொஞ்சம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு குறைகிறது, பிராணியின் எடை எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது. மருத்துவருக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதில் எந்த வகை நஞ்சிலும் லாபம் கிடையாது.

செய்யக் கூடாததன் பட்டியல் நம் வீடுகளில் நீளம். உப்புக் கரைசலைத் தொண்டையில் ஊற்றினால், வாந்தி வராவிட்டால் அந்த உப்பே ரத்தத்தில் ஏறி வலிப்பில் கொண்டுபோய்விடும். சோப்புத் தண்ணீரும் புளிக்கரைசலும் புகட்டும்போது நாய் திமிறினால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும், விஷத்துக்குப் பார்க்க வந்த இடத்தில் நிமோனியாவுக்கும் பார்க்க வேண்டியிருக்கும். தொண்டையில் விரலை விடுவது கடி வாங்கத்தான் உதவும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். நாய்க்கே அதை மருத்துவர் அளவு சொன்னால் தவிரக் கொடுக்கக் கூடாது, பூனைக்குக் கொடுக்கவே கூடாது, வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். மயங்கிக் கிடக்கும், வலிப்பு வந்த, மூச்சுத் திணறும் பிராணியின் வாயில் தண்ணீரைக்கூட ஊற்ற வேண்டாம்.

எங்கே போவது என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது. உங்கள் பக்கத்து மருத்துவரிடம் இரண்டு கேள்வி போதும்: ராத்திரியில் அவசரம் என்றால் யார் பார்ப்பார்கள், கே1 கையிருப்பில் உண்டா?

"நாய்க்கு எட்டாத இடத்தில்தானே வைத்தோம்" என்று பலர் சொல்வது பொய்யில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பரண்மேல், கேஸ் சிலிண்டர் இடுக்கில் வைத்திருப்பார்கள். ஆனால் எலி உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டு முடிப்பதில்லை. கட்டியைக் கவ்விக்கொண்டு பத்திரமான இடம் தேடிப் போகும், வழியில் போட்டுவிட்டும் ஓடும். பரணில் வைத்த கேக் மறுநாள் தாழ்வாரத்தில் நாயின் படுக்கைக்குப் பக்கத்தில் கிடப்பது இப்படித்தான். வைத்தே தீர வேண்டுமென்றால் துளையுள்ள கட்டியாக வாங்கி, பூட்டும் மருந்துப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்து, பெட்டியைச் சுவரோடு அசையாமல் பொருத்துங்கள். எலி உள்ளே போய்த் தின்னலாம், தூக்கிக்கொண்டு போக முடியாது. பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்துக் கட்டுவதும் உண்டு. கடித்துத் துப்பும் பெரிய நாய் உள்ள வீட்டில் குழாயை நம்பாதீர்கள். எத்தனை கட்டி, எங்கெங்கே என்று எழுதி வைத்து, தினமும் காலையில் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் எலி தின்றிருக்கும் என்று நாமே முடிவுகட்டிக்கொள்ளாமல் தேடிப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பிராணிகள் உள்ள வீட்டில் நஞ்சு கடைசி வழி. எலி வீட்டுக்குள் வருவதற்கே பெரும்பாலும் அந்தப் பிராணியின் தட்டுதான் காரணம். ராத்திரி முழுவதும் தட்டில் கிடக்கும் உலர்தீனி, பால்கனியில் வாய் திறந்து நிற்கும் தீனி மூட்டை, லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கடியில் சிதறிய தினை, வாசலில் தெருநாய்க்கு வைத்து மிஞ்சிய தயிர்சாதம் எல்லாம் எலிக்கு விருந்து. இவற்றை அப்படியே விட்டுவிட்டு மருந்து வைத்தால், தினமும் நல்ல சாப்பாடு கிடைக்கும் எலி அதை ஏன் தொடும்? தீனியை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் வாளியை எலி ஒரே ராத்திரியில் கடித்துத் துளைத்துவிடும். தட்டை ஒன்பது மணிக்குக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்து ஓட்டைகள். பேனா நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். இரண்டு விரல் நுழைந்தால் பெரிய எலிக்குப் போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசினால் கடித்துத் திறக்க முடியாது. தொட்டியடிக் குழாய் போகும் இடம், ஏசி பைப் வரும் துளை, குளியலறைச் சாக்கடை ஜாலி ஆகியவற்றை முதலில் பாருங்கள். மொட்டை மாடியைத் தொடும் கிளையை வெட்டிவிடலாம். தென்னையில் தகரத் தகடு சுற்றுவது தோப்புக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

பொறியில் கம்பிக் கூண்டு நல்லது. மசால்வடையின் புகழ் வீண்போகாது, சுட்ட தேங்காயும் கருவாடும் அதற்குச் சளைத்தவையல்ல. புதுப் பொருளைக் கண்டால் எலி இரண்டு மூன்று நாள் ஒதுங்கிப் போகும். அதனால் முதல் சில ராத்திரிகள் கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, இரையை மட்டும் மாற்றுங்கள். சுவரை ஒட்டியே எலி ஓடும், கூண்டும் சுவரை ஒட்டியே இருக்கட்டும். ஒட்டும் அட்டையை வாங்காதீர்கள். எலிக்கே அது கொடுமை. பூனைக்குட்டியோ அணிலோ மாட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் சமையல் எண்ணெயைத் தடவித் தடவித்தான் விடுவிக்க வேண்டும். கூண்டில் சிக்கிய எலியிடம் நாயை விட்டுவிடுவதும் வேண்டாம், எலியின் சிறுநீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் அதற்கான மருந்தும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவரோரமாகக் கீச்கீச்சென்று நாற்றத்தோடு ஓடுவது நீண்ட மூக்குள்ள மூஞ்சூறாக இருந்தால் எலி மருந்தே தேவையில்லை. அது எலி இனமே கிடையாது, கரப்பானையும் பூச்சிகளையும் தின்று திரிவது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் கை மட்டும் போதாது. சங்கம் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடும்போது, மருந்தின் பெயர் என்ன, எங்கெங்கே வைக்கிறார்கள், எந்தத் தேதியில் மிச்சத்தை எடுப்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போன எலி மருந்தால் ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். என்ன மருந்து என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. தெருநாய்த் தொல்லை என்று யாராவது வேண்டுமென்றே விஷம் வைத்தால், அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

மருந்து வைத்த வீட்டில் இரண்டு வாரத்துக்காவது தினமும் காலையில், நாயை அவிழ்த்துவிடும் முன், ஒரு சுற்று வந்து செத்த எலிகளைத் தேட வேண்டும். மாடிப்படிக்கு அடியில், செடித்தொட்டிகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம் பாருங்கள். வெறும் கையால் தொடாமல், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிப் பிடித்து, பையைத் திருப்பிக் கட்டி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். எலித் தொல்லை ஓய்ந்ததும் மீந்த கட்டிகளை எண்ணி எடுத்து, அவற்றின் அட்டையோடு சேர்த்துப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.